இன் வகையறா

"நீ எந்த பிரிபொசிஷன்?"

மில் கேன்டீன் வாசலில் நிறுத்தி வைத்து எச்.ஆர். மேனேஜர் கண்ணன் இப்படிக் கேட்டபோது, அவர் தன் சாதியைக் கேட்கிறார் என்று தமிழ்மதி நினைத்துக்கொண்டாள். எரியோட்டில் பஸ் ஏறினால் பக்கத்தில் உட்காருகிறவர் முதலில் எந்த ஊர் என்பார், பிறகு எந்தத் தெரு என்பார், அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு நீங்க என்ன ஆளுக என்பார். டை கட்டியவர்கள் அதே கேள்வியைக் கேட்பதற்குக் கௌரவமாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "காளியம்மன் கோயில் தெரு சார்" என்றாள்.

கண்ணன் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பினார். "பாத்தீங்களா சார். நமக்கு வர்ற பஞ்சு இப்படித்தான் இருக்கும். இதுல இருந்துதான் நீங்க நூல் எடுக்கணும்."

பக்கத்தில் நின்றவர் மரியசெல்வம். திண்டுக்கல் ஃப்ளையிங் டங் அகாடமியின் நிறுவனர், முதன்மைப் பயிற்றுநர், தேர்வு அதிகாரி எல்லாம் அவரே. புரட்டாசி வெயிலிலும் டையைத் தளர்த்தாதவர். கையில் இருந்த பையைத் துழாவி, அகப்பட்ட பிளாஸ்டிக் பேட்ஜை எடுத்து அவளிடம் நீட்டினார். அதில் 'இன்' என்று எழுதியிருந்தது.

"பேரு தமிழ்மதியா?" என்று முகத்தைச் சுளித்தார். "பரவால்ல. போகப்போகச் சரி பண்ணிரலாம்."

அவள் சொன்ன பதில் அப்படியொன்றும் தப்பில்லை என்பது ஒரு மாதத்துக்குள் மில்லுக்கே தெரிந்துவிட்டது.

வேடசந்தூரைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிற மில் அது. வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் நேரில் பார்வையிட வரப்போகிறார்கள் என்று தகவல் வந்ததும், முதலாளி கேட்ட ஒரே கேள்வி நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வருமா என்பதுதான். ஹாஸ்டல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, ஷெட்டில் பாதி மின்விசிறி ஓடுவதில்லை, தங்கியிருக்கும் பெண்கள் கடைக்குப் போகக்கூட கேட் பாஸ் வேண்டும். இதெல்லாம் வருகிறவர்கள் கண்ணில் படாதா என்று யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. இங்கிலீஷ் வந்துவிட்டால் உப்புத் தண்ணீரும் இனித்துவிடும் என்று நிர்வாகம் நம்பியது.

இதில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. நூற்பு ஷெட்டுக்குள் யார் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது. எந்த மொழியில் பேசினாலும் கேட்காது. மெஷின்கள் போடுகிற சத்தத்தில், காதோடு வாய் வைத்துக் கத்தினால் எச்சில்தான் தெறிக்கும். அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் கையால் பேசிக்கொள்வார்கள். விரலை அறுப்பதுபோல் இழுத்தால் நூல் அறுந்திருக்கிறது. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் சூப்பர்வைசர் வருகிறார். மீசையை முறுக்கினால் கண்ணன் வருகிறார். அவருக்கு மீசை கிடையாது, அது வேறு விஷயம். சோறு வேகவில்லை, வயிற்றுவலி, யாருக்கு நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை எப்படி, எல்லாம் கையிலேயே முடிந்துவிடும். ஷெட்டிலேயே மூத்தவளான செபாஸ்தியம்மாள், நாலு மெஷின் தள்ளி நிற்கிறவளைக் கையாலேயே கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவாள். திட்டு வாங்கியவளுக்கு முகம் சிவந்துவிடும்.

கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் சோலைமலையும் ஒரு காலத்தில் ஷெட்டில் நின்றவர்தான். அங்கே காது போனதும் கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். யார், எவர், என்ன விஷயம் என்று விசாரித்து உள்ளே விடுகிற வேலைக்குக் காது கேட்காதவரைத் தேர்ந்தெடுத்த அதே நிர்வாகம்தான் இப்போது பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது.

முதல் வகுப்பு கேன்டீனில் நடந்தது. நைட் ஷிஃப்ட் முடித்த பெண்கள் தலையில் பஞ்சுத்தூசியோடு கண் சொருக உட்கார்ந்திருந்தார்கள். மரியசெல்வம் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"டியர் கேர்ள்ஸ், இங்கிலீஷ்ல வெர்புன்னு ஒண்ணு இருக்கு. அதுதான் மாப்பிள்ளை. மாப்பிள்ளை தனியா நின்னா ஒரு அர்த்தம். பக்கத்துல ஒரு பொண்ணைக் கொண்டாந்து உக்கார வச்சா வேற அர்த்தம். 'லுக்'னா பாக்கிறது. 'லுக் ஆஃப்டர்'னா பராமரிக்கிறது. 'லுக் டவுன் ஆன்'னா ஏளனமாப் பாக்கிறது. மாப்பிள்ளை அதே ஆளுதான். பொண்ணு மாற மாற அவன் மவுசு மாறுது. ஆனா அந்தப் பொண்ணு, அதுதான் பிரிபொசிஷன், அது தனியா நின்னா அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது."

கண்ணன் மைக்கை வாங்கிக்கொண்டார். "சார் சொன்னது இங்கிலீஷுக்கு மட்டுமில்ல. ஹாஸ்டலுக்கும் பொருந்தும். எல்லாரும் மனசுல வச்சுக்கங்க."

பின்வரிசையிலிருந்து செபாஸ்தியம்மாள் கையைத் தூக்கினாள். "ஏன் சார், ஒரு மாப்பிள்ளைக்கு எத்தனை பொண்ணு சார்?"

"எத்தனை வேணாலும் வரலாம்மா."

"அம்புட்டுப் பேரையும் கட்டுனா அந்த ஆளைப் போலீசுல சொல்ல மாட்டாகளா?"

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துச் சிரித்தார்கள். மரியசெல்வம் டையைச் சரிசெய்தார். "இங்கிலீஷ் ரொம்ப முன்னேறின மொழிம்மா" என்றார்.

அடுத்து ஐ.என்.ஜி. பாடம். "வேலை முடிஞ்சிருச்சுன்னா அது பாஸ்ட். முடியாம நடந்துக்கிட்டே இருந்தா அதுக்குப் பேருதான் 'இங்'."

"கார்டிங், ஸ்பின்னிங், பேக்கிங்னு நம்ம மில்லுல எல்லாமே 'இங்' தான சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதெல்லாம் இங்கிலீஷ் இல்லம்மா. அது வேலை."

கண்ணன் இதை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து, ஷிஃப்ட் முடிந்த பிறகும் நிறுத்திவைக்கப்படுகிறவர்களுக்கு 'இங்' என்று தனி பேட்ஜ் வந்தது. ஓவர்டைம் என்ற சொல் மில்லிலிருந்து ஒழிந்தது. 'இங்' என்பது இலக்கணம். இலக்கணத்துக்கு யாரும் கூலி கேட்க முடியாது.

மற்ற பேட்ஜ்களை நிர்வாகமே பங்கிட்டது. ஆபீஸ்காரர்கள், ஃபிட்டர்கள், ஸ்டோர்காரர் எல்லாரும் வெர்ப். ஹாஸ்டல் பெண்கள் மொத்தமும் பிரிபொசிஷன். கண்ணன் தனக்கு 'டேக்' எடுத்துக்கொண்டார். ஒரு பிரிபொசிஷன் எங்கே போவதானாலும், எதைக் கேட்பதானாலும், உரிய வெர்பைத் தேடிப்பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து வாக்கியமாகத்தான் கேட்க வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நோட்டீஸ் தமிழில் இருந்தது.

'கோ' என்ற வெர்ப் எலக்ட்ரீசியன் சூசைமுத்துவுக்கு வாய்த்தது. பாத்ரூம் போவதானாலும் அவர் வேண்டும். அவர் எந்நேரமும் ஏணி மேல் இருப்பார். "அண்ணே, செத்த எறங்குங்கண்ணே, அவசரம்" என்று கீழே நாலைந்து பெண்கள் நெளிந்துகொண்டு நிற்பார்கள். ஒரு நாள் அவர் தங்கை மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மை என்று லீவு போட்டுவிட்டார். அன்றைக்கு ஷெட்டில் யாரும் எங்கேயும் போக முடியவில்லை. மத்தியானம் நிலைமை கைமீறவே, சூப்பர்வைசர் அகாடமிக்குப் போன் போட்டார். மரியசெல்வம் நெடுநேரம் யோசித்து, தற்காலிகமாக 'ரன்' பயன்படுத்திக்கொள்ள அனுமதி தந்தார். 'ரன்' ஸ்டோர்காரரிடம் இருந்தது. அவருக்கு முட்டிவலி.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருக்கலாம். கேன்டீன் வரிசையைத்தான் தள்ள முடியவில்லை. 'அப்' பேட்ஜ்காரிகள் முன்னால் நிற்க வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை, ஆனாலும் நின்றார்கள். 'டவுன்' வந்தவளுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் சட்டியின் அடியிலிருந்துதான் கிடைத்தது. 'அண்டர்' குடித்த டம்ளரை ஒருத்தி தனியாகக் கவிழ்த்து வைத்தாள். ஏன் அப்படி வைத்தாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கை தானாகச் செய்துவிட்டது. முதல் நாள் வாசலில் தன்னிடம் கேட்டது அதே பழைய கேள்விதான் என்று தமிழ்மதிக்கு அப்போது உறுதியாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை வார்டனின் போனில் அவள் அம்மா ஜக்கம்மாள் கூப்பிட்டாள்.

"தாயி, வெள்ளிக்கிழமை கண்ணு ஆப்பரேசன்னு சொல்லிப்புட்டாக. திண்டுக்கல்லு பெரியாஸ்பத்திரியில. கூட ஒரு ஆளு இருந்தாத்தேன் பண்ணுவாகளாம். நீ வாரியா?"

"வாரேம்மா."

"இதை விட்டா தைக்கு மேலதான் தேதி குடுப்பாகளாம். அதுக்குள்ள இன்னொரு கண்ணும் மங்கிரும்னு அந்த டாக்டரம்மா சொல்லுது. வந்துருவேல்ல?"

"வந்துருவேம்மா. நீ பஸ்ஸ்டாண்டுல நில்லு."

ஜக்கம்மாளுக்குப் பூப்பறிக்கிற வேலை. விடியும் முன்னே மல்லிகைத் தோட்டத்தில் இருக்க வேண்டும். மொட்டும் மலர்ந்த பூவும் பிரித்துத் தெரியாமல், கலந்து பறித்துவிட்டாள் என்று தோட்டக்காரர் நிறுத்திவிட்டார். வீட்டில் அவளுக்குத் துணைக்கு வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமைதான் வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள்.

தமிழ்மதி ஆபீஸ் அறை வாசலில் நின்று, நின்று, கடைசியில் உள்ளே போனாள்.

"கேட் பாஸ் வேணும் சார்."

கண்ணன் நிமிரவில்லை. "பேட்ஜ் என்ன?"

"இன் சார்."

"'இன்'னா என்ன?"

"உள்ளே சார்."

"அப்ப நீயே சொல்லு. 'இன்' எப்படி வெளிய போகும்? கேட் பாஸ் 'அவுட்'காரங்களுக்குத்தான். 'அவுட்' ஆகணும்னா மரியசெல்வம் சார் டெஸ்ட் வைக்கணும்."

"அம்மாவுக்குக் கண்ணு ஆப்பரேசன் சார். கூட ஆளில்ல."

இப்போது கண்ணன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "நான் உங்க கண்ணைத் திறக்கணும்னு ராப்பகலாப் பாடுபடுறேன். நீ என்னன்னா உங்கம்மா கண்ணைப் பத்திப் பேசுற. இதனாலதான்மா நம்ம ஜனங்க முன்னேறவே மாட்டேங்குறாங்க."

மரியசெல்வம் அவ்வளவு கடுமையானவர் இல்லை. டெஸ்டுக்கு உரிய வாக்கியத்தை அவரே சொல்லிக்கொடுத்தார். "'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு கோயிங் அவுட்.' வெளிய போறதை ஆவலோட எதிர்பார்க்கிறேன்னு அர்த்தம். இதுல வெர்ப் இருக்கு, இங் இருக்கு, அவுட்டும் இருக்கு. நம்ம பாடம் முழுசும் இதுல அடங்கிருச்சு. தப்பில்லாமச் சொல்லிட்டேன்னா நீ 'அவுட்'."

தமிழ்மதி பள்ளிக்கூடத்தை விட்டதே இங்கிலீஷ் பீரியடில் எழுந்து நிற்கப் பயந்துதான். நாலு பேர் பார்த்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஷெட்டில் யாருக்கும் எதுவும் கேட்காதே. ஓடுகிற மெஷினுக்கு முன்னால் நின்று, அந்த வாக்கியத்தை அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். திரும்பத் திரும்பக் கத்தினாள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. எதிர் வரிசையிலிருந்து செபாஸ்தியம்மாள் இரண்டு விரலை நெற்றியோரம் சுழற்றிக் காட்டினாள்: மண்டையில நூல் அறுந்துபோச்சா? தமிழ்மதி ஒரு கண்ணைப் பொத்திக் காட்டி, நெஞ்சில் கை வைத்து அம்மா என்றாள். பிறகு கேட் இருக்கிற திசையைக் காட்டினாள். செபாஸ்தியம்மாள் முகம் மாறியது. தலையை ஆட்டிவிட்டுத் தன் மெஷினுக்குத் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை கேன்டீனில் டெஸ்ட் நடந்தது. தமிழ்மதி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மெஷின் ஓடுவதாக நினைத்துக்கொண்டு, வாக்கியத்தைச் சொல்லி முடித்தாள்.

கண்ணைத் திறந்தபோது மரியசெல்வம் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். கண்ணனும் தட்டினார். சமையல்காரர் கரண்டியோடு வந்து தட்டினார்.

"பாத்தீங்களா?" என்று கண்ணன் எல்லாரையும் பார்த்துச் சொன்னார். குரல் தழுதழுத்தது. "எரியோட்டுல இருந்து வந்த பொண்ணு. ஒம்பதாவதோட நின்னது. வெளிய போகணும்னு எவ்வளவு அழகாச் சொல்லுது பாருங்க."

கைதட்டல் ஓயட்டும் என்று தமிழ்மதி காத்திருந்தாள். "கேட் பாஸ் சார்" என்றாள்.

"என்ன கேட் பாஸ்?"

"வெளிய போகணும்னு சொன்னேன்ல சார்."

"நீ எங்கம்மா சொன்ன? நீ வாக்கியம்ல சொன்ன." கண்ணன் மரியசெல்வத்தைப் பார்த்துச் சிரித்தார். "வாக்கியம் சரியா இருந்துச்சு, கை தட்டுனோம். லீவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"டெஸ்டுல பாஸானா 'அவுட்'டுன்னு சார் சொன்னாக."

"பாஸாயிட்ட. அதுல சந்தேகமே இல்ல. அதனாலதான் வெள்ளிக்கிழமை வர்றவங்க முன்னாடி நீதான் இதைச் சொல்லப்போற. இம்புட்டு நல்லா வெளிய போகணும்னு சொல்ற பொண்ணை எப்படிம்மா வெளிய விடமுடியும்? தத்துப்பித்துன்னு சொல்லியிருந்தாக்கூட அனுப்பி வச்சிருப்பேன்."

மரியசெல்வம் தன் கையாலேயே அவளுக்கு 'அவுட்' பேட்ஜ் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசி உத்தரவு வந்தது. வந்தவர்கள் திரும்பிப் போகும்வரை மில் வளாகத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல்லும் கேட்கக் கூடாது. ஆபீசும் அடக்கம். இங்கிலீஷ் தெரியாதவர்கள் புன்னகை செய்ய வேண்டும். வாட்ச்மேன் சோலைமலைக்கு மட்டும் ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள்: "வெல்கம், ப்ளீஸ் கம் இன்." தான் சொல்வது தனக்கே கேட்காததால், அவர் அதைக் கோழி விரட்டுகிற குரலில் சொன்னார்.

இரண்டு கார்களில் வந்து இறங்கினார்கள். எந்த நாடு என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. தங்களுக்குள் ஏதோ ஒரு பாஷையில் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் "குட்" என்பது. அது வராத இடத்தில் "வெரி குட்." ஷெட் வாசலில் நின்று, முதல் வேலையாக ஆளுக்கு இரண்டு ரப்பர் அடைப்பான்களை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்கள்.

பிறகு உள்ளே வந்தார்கள். பெண்கள் வரிசையாக நின்று தத்தம் வாக்கியத்தைச் சொன்னார்கள். வாய்கள் திறந்து திறந்து மூடின. மெஷின்கள் இரைந்தன. காதை அடைத்துக்கொண்டவர்கள் ஒவ்வொரு வாய்க்கும் தலையாட்டினார்கள். தமிழ்மதியின் முறை வந்தது. அவளும் சொன்னாள். தலைவர்போல் இருந்தவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்தார். அவர் பின்னால் கண்ணனும் மரியசெல்வமும் நகர்ந்தார்கள். ஒரு மாதப் பயிற்சி முடிந்தது.

எதிர் வரிசையில் செபாஸ்தியம்மாள் விரல்களை விரித்து அசைத்துக் கூப்பிட்டாள். தமிழ்மதி பார்த்தாள். செபாஸ்தியம்மாள் ஒரு கண்ணைப் பொத்தினாள். மணிக்கட்டைத் தொட்டாள். தமிழ்மதியின் இரண்டு மெஷின்களையும் காட்டித் தன் நெஞ்சைத் தொட்டாள்: இதுகளை நான் பாத்துக்கிறேன். பிறகு முகவாயால் கதவைக் காட்டினாள். தமிழ்மதி தயங்கவே, கையாலேயே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

வெளியே வந்தபோது, வந்தவர்கள் பேனருக்கு முன்னால் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். கேட்டுக்குப் போக வேறு வழி இல்லை. முற்றத்தின் குறுக்கே நடந்தாள். ஓடினால் கண்ணில் பட்டுவிடுவோம் என்று மெதுவாக நடந்தாள்.

கண்ணன் பார்த்துவிட்டார். ஏய் என்று தொண்டைவரை வந்தது. அது தமிழ். விழுங்கிக்கொண்டு மரியசெல்வத்தின் கையைச் சுரண்டினார்.

மரியசெல்வம் அவர் காதருகே குனிந்தார். "கம் பேக்னு சொல்லலாம்" என்று முணுமுணுத்தார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா அவ இன்னும் போகலயே. போனாத்தான் கம் பேக். 'ஹோல்ட் ஆன்'னா போன்ல சொல்றது. 'கெட் இன்'னா கார்ல ஏறச் சொல்றது."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்" என்று கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டே புன்னகை செய்தார்.

"தப்பாச் சொன்னா அகாடமி பேரு என்ன ஆகுறது?"

இதற்குள் தலைவர்போல் இருந்தவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். வாயை அத்தனை பெரிதாகத் திறந்த பெண். "வெரி குட்" என்று சொல்லி அவளைப் பார்த்துக் கையசைத்தார். அவரோடு வந்த எல்லாரும் அசைத்தார்கள். விருந்தாளிகள் அசைக்கும்போது சும்மா நிற்க முடியுமா? கண்ணனும் கையைத் தூக்கி அசைத்தார். மரியசெல்வமும் அசைத்தார். அந்தக் கணத்தில் போட்டோ எடுத்தார்கள்.

கேட்டில் ஆள் நிழல் விழுந்ததும் சோலைமலை எழுந்து விறைப்பாக நின்றார். "வெல்கம், ப்ளீஸ் கம் இன்" என்று அதட்டினார்.

தமிழ்மதியின் கையில் கேட் பாஸ் இல்லை. பக்கத்தில் வெர்ப் எதுவும் இல்லை. அவள் ஒரு கண்ணைப் பொத்தினாள். நெஞ்சில் கை வைத்தாள். ரோட்டைக் காட்டினாள்.

சோலைமலை அவள் கைகளையே பார்த்தார். விறைப்புத் தளர்ந்தது. திரும்பி முற்றத்தைப் பார்த்தார். மேனேஜரே அவளுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளை நீக்கி, கார் போகிற அளவுக்குப் பெரிய கதவை முழுதாகத் திறந்தார். கையை ரோட்டுப் பக்கம் இரண்டு தரம் வீசினார். பஸ் வருது, வெரசாப் போ.

அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனாள்.